தொட்டிக்கு ஒரு மேஸ்திரி

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் வாசல்படியிலேயே வாயைப் பிளந்து நின்றுவிடுவார்கள். கூடத்தின் நீளச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு துண்டுக் கடல் உட்கார்ந்திருக்கும். உள்ளே பாறைகள், பாறைகள்மேல் உயிருள்ள பவளங்கள், நடுவே வேலைவெட்டி இல்லாதவர்கள் போல உலாவும் நாலைந்து மீன்கள்.

"அடேயப்பா, எத்தனை கலரு!" என்பார்கள்.

கண்ணாடிக்காரர் "ம்" என்பார். அதற்குமேல் சேர்த்துச் சொல்ல அவரிடம் ஒன்றும் கிடையாது. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டுமே காய்ந்த சேற்றின் நிறம்.

விஷயம் தெரிந்தவர்கள் சும்மா இருப்பதில்லை. "கலரே தெரியாத மனுஷனுக்குப் பவளம் எதுக்குங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. "காது கேக்காதவன் பட்டினி கிடக்கணுமா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இளவயதில் மின்சாரக் கம்பெனியில் பயிற்சிக்குச் சேரப் போனபோதுதான் கண் விஷயம் வெளிப்பட்டது. மருத்துவர் புள்ளிபுள்ளியாக ஓர் அட்டையைக் காட்டி, நடுவில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். இவர் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "எண்ணா? நீங்க இன்னும் எழுதவே இல்லையே" என்றார். அத்தோடு வேலை போயிற்று. வெளியே பெஞ்சில் காத்திருந்த அக்காவிடம் வந்து, "வயருக்குக் கலர் இருக்காம், அதனால நான் வேணாமாம். கலரே இல்லாத சாமானா பாத்து வேலைக்குப் போறேன் போ" என்றார். மறுவாரம் கண்ணாடிக் கடையில் சேர்ந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அந்தக் காலத்திலிருந்தே ஆள் கெட்டி.

கண்ணாடி அவருக்குப் பொருந்திப் போயிற்று. வைரமுனையை ஒரே இழுப்பில் இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால், அவர் சொன்ன இடத்தில்தான் உடையும். ஜன்னல், நிலைக்கண்ணாடி, கடை முகப்பு என்று ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் அவர் வெட்டிய கண்ணாடி வழியாகத்தான் தெருவைப் பார்க்கிறார்கள். அந்தத் தொட்டியும் அவர் கையால் வெட்டி ஒட்டியதுதான். ஒட்டிய நாளிலிருந்து ஒரு சொட்டு கசிந்ததில்லை. மனைவிகூட, "உங்க அப்பாவோட ரெண்டாம் குடும்பம்" என்று மகளிடம் கேலி பேசுவாளே தவிர, ஒழுகுது என்று ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பவளங்களை அவர் உருவத்தால் அறிவார். சுத்தியல் தலை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது 'சுத்தி'. மடிப்பு மடிப்பாகச் சுருண்டது 'மூளை'. கையை விரித்து ஆட்டிக்கொண்டே இருப்பது 'டாட்டா'. காலையில் எது எவ்வளவு விரிந்திருக்கிறது, எது முகத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாலே அன்றைய தண்ணீரின் குணம் தெரிந்துவிடும்.

தெரியாதது ஒன்றே ஒன்றுதான். பவளம் வளர வளரத் தண்ணீரில் இருக்கும் காரச்சத்தைத் தின்றுகொண்டே இருக்கும். எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு மருந்து ஊற்றவேண்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். பார்ப்பதற்கு ஒரு சோதனை உண்டு. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கவேண்டும். முதல் சொட்டில் பச்சையாகிற தண்ணீர் ஒரு கட்டத்தில் சட்டென்று சிவப்பாக மாறும். எத்தனையாவது சொட்டில் மாறுகிறது என்பதுதான் கணக்கு. ஊரில் எத்தனையோ நிறம் இருக்க, பாழாய்ப்போன அந்தச் சோதனை இந்த இரண்டு நிறத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது.

ஆகவே அது மகளின் வேலையாயிற்று. நாற்காலியில் ஏறி நின்று பார்க்கிற வயதிலிருந்து அவள்தான் பார்த்துச் சொல்வாள். இவர் சொட்டு விட, அவள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னும் இல்லப்பா... இன்னும் இல்ல... ஆங், மாறிடுச்சு!" என்பாள். மனைவியிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "மாறின மாதிரியும் இருக்கு, மாறாத மாதிரியும் இருக்கு. நீங்க எது சொல்றீங்களோ அதுவே வச்சிக்கலாம்" என்றாள். அத்தோடு அவளை அந்தப் பதவியிலிருந்து விலக்கிவிட்டார்.

இப்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. நல்ல வேலை. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. அந்த மாதக் கடைசிக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கீழ்த்தளத்தில் குடியிருந்த அக்கா, தையல் மெஷினை நிறுத்திவிட்டு மேலே ஏறிவந்து, "எங்க வீட்ல இருந்து முதல் ஆளு வெளியூர் ஆபீசுக்குப் போகுது" என்று மருமகளின் கன்னத்தை வழித்துக் கொஞ்சினாள். மகள் மட்டும் முழுதாகச் சிரிக்கவில்லை. அவள் பார்வை தொட்டிப் பக்கம் போய்ப் போய் வந்தது.

"தேதி தள்ளி வைக்க முடியுமான்னு கேக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

"எதுக்கு?"

"நான் போய்ட்டா யாருப்பா கலர் பாப்பாங்க?"

கண்ணாடிக்காரர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பதில் இல்லாத இடத்தில் வந்து நிற்பதற்கென்றே சில உறவுகள் உண்டே, அப்படி வந்து நின்றார் மனைவியின் தம்பி. கடைகளுக்குத் திருட்டு அலாரம், தீ அலாரம் மாட்டிக் கொடுக்கிற தொழில். குடும்பத்தில் அவருக்கு 'அலாரம்' என்றே பெயர். நல்ல மனுஷன். எதிலும் ஒரு அபாயத்தைப் பார்த்துவிடுவார், அவ்வளவுதான்.

"அத்தான், இதுக்கெல்லாம் இப்ப கன்ட்ரோலர் வந்துடுச்சு. ஒரு பெட்டி. தண்ணி சூடு, உப்பு, எல்லாம் அதுவே பாக்கும். ஹீட்டரை அதுவே போடும், அதுவே அணைக்கும். ஏதாவது கோளாறுன்னா உங்க போனுக்கே சொல்லிடும்."

"என் வீட்டுக் கூடத்துல இருக்கற தொட்டி எனக்கே போன் பண்ணணுமா? நல்லா இருக்குடா."

"ஏன், மேஸ்திரி இல்லாம எந்த வேலைங்க நடக்குது?" என்றாள் மனைவி, தம்பிக்கு ஆதரவாக.

"நான் வேலை செய்யற இடத்துல மேஸ்திரி கிடையாது. நான்தான் மேஸ்திரி."

அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு 'மேஸ்திரி' என்றே பெயர் விழுந்துவிட்டது, இன்னும் வீட்டுக்குள் காலடி வைக்காமலே.

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். "மேஸ்திரி இருந்தா நான் நிம்மதியாப் போவேன்ப்பா. இல்லேன்னா தேதி தள்ளி வைக்கச் சொல்லி எழுதிடறேன்."

இது மிரட்டலா, கெஞ்சலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் தள்ளி வைக்கிற தேதி தள்ளிக்கொண்டே போகும் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை பேர் வீட்டு ஜன்னலுக்கு 'அடுத்த வாரம் வரோம்' என்று சொல்லிவிட்டு அந்த அடுத்த வாரம் வராமலே போயிருக்கிறது! "சரி, வரட்டும். வந்து வேலை செய்யட்டும். வேலை தெரியலேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

மேஸ்திரி வந்தார். கறுப்புப் பெட்டி, வால் வாலாய் வயர்கள், தண்ணீருக்குள் இறக்க ஒரு பென்சில் பருமனில் சென்சார். அலாரம் அரைநாள் உட்கார்ந்து மாட்டினார். சென்சாரை ஒரு ரப்பர் உறிஞ்சியால் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டினார். ஹீட்டரின் தலையில் அதற்கென்று இருந்த திருகைக் கடைசிவரை திருகிவைத்தார். "இனிமே சூட்டை இது முடிவு பண்ண வேணாம், மேஸ்திரி பாத்துக்குவாரு" என்றார். எச்சரிக்கை யாருக்குப் போகவேண்டும் என்று பெட்டி கேட்டபோது, கண்ணாடிக்காரர் தன் போனைச் சட்டைப்பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார். அலாரம் தன் எண்ணையும் மகளின் எண்ணையும் கொடுத்தார்.

"இதோ பாருங்கத்தான், ரொம்ப சிம்பிள். இந்த லைட் பச்சையா இருந்தா எல்லாம் சரி. சிவப்பா இருந்தா..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரர்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பைப் பார்த்து மகள், மகளைப் பார்த்து அவள் அம்மா, கடைசியில் அலாரமும். "விடுறா மச்சான், எரிஞ்சா உயிரோட இருக்கான்னு எடுத்துக்கறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

அன்றைக்குச் சிரித்ததோடு விட்டிருக்கக் கூடாது. அந்த விளக்கை மாற்ற வழியுண்டா என்று யாராவது பார்த்திருக்கவேண்டும். ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகள் அந்த வேலை ஊரில் தங்க இடம் பார்க்கப் போயிருந்தாள். வெளியே காலையிலிருந்து மழை, வீடே சில்லிட்டுக் கிடந்தது. கண்ணாடிக்காரர் வழக்கம்போலத் தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் இறைத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் ஊற்ற உட்கார்ந்தார். தண்ணீர் மாற்றினால் கண்ணாடியையும் துடைப்பார். துடைப்பதற்கு முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். ஹீட்டரை அணைத்தார். உறிஞ்சியோடு சென்சாரைக் கழற்றினார். உள்பக்கம் துடைத்தார், தண்ணீர் ஊற்றி நிரப்பினார், ஹீட்டரைப் போட்டார், வெளிப்பக்கத்தை ஈரத்துணியாலும் காய்ந்த துணியாலும் பளபளவென்று தேய்த்தார். கடைசியில் சென்சாரை எடுத்து, இருந்த உயரத்திலேயே, இம்மி பிசகாமல் நேராக ஒட்டினார்.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தில்.

சென்சார் கூடத்துக் குளிரை அளந்து, தண்ணீர் சில்லிட்டுப் போய்விட்டது என்று மேஸ்திரியிடம் சொன்னது. மேஸ்திரி ஹீட்டரைப் போட்டார், அணைக்கவேயில்லை. ஹீட்டருக்குச் சொந்தப் புத்தி இருந்திருந்தால் ஒரு கட்டத்தில் தானே நின்றிருக்கும். அந்தப் புத்தியைத்தான் கடைசிவரை திருகிவைத்தாயிற்றே. பெட்டியில் விளக்கு சிவப்பாக எரிந்தது. கண்ணாடிக்காரர் போகும்போதும் வரும்போதும் பார்த்தார். எரிகிறது, உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். எச்சரிக்கை மகளின் போனுக்குப் போனது, அவள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தாள். அலாரத்தின் போனுக்கும் போனது. வாரம் முழுக்க ஊர் அலாரங்கள் கத்துவதைக் கேட்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனைத் தலையணைக்கு அடியில் வைப்பார்.

சாப்பிட்டுவிட்டுத் தொட்டி முன் வந்து உட்கார்ந்தபோதுதான் கண்ணாடிக்காரருக்கு ஏதோ உறுத்தியது. சுத்தி தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. டாட்டா கையை மடக்கிவிட்டது. தரையில் மேயும் நத்தைகள் எல்லாம் தண்ணீரின் விளிம்புவரை ஏறிவந்து, வெளியே குதிக்கலாமா என்று யோசிப்பவைபோல நின்றன. எழுந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். வாழ்நாளெல்லாம் கண்ணாடியைத் தொட்ட கை. வெடுக்கென்று எடுத்துக்கொண்டது.

"ஏய், விசிறிய எடுத்துட்டு ஓடி வா!" என்று மனைவியைக் கூப்பிட்ட குரலில் கீழ்வீட்டு அக்காவும் ஓடிவந்தாள். ஹீட்டரைப் பிடுங்கி எறிந்தார். மேசை விசிறியைத் தண்ணீர்மேல் திருப்பிவைத்தார். மிச்சமிருந்த உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒரேயடியாகக் குளிரவைத்தாலும் செத்துவிடும். பொறுமை இல்லாத நேரத்தில் பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை அது. செய்தார்.

அக்கா சும்மா நின்று பார்க்கிறவள் இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள். "டேய் தம்பி, இதை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கே?"

அவர் பார்த்தார். கையில் இருந்த குடுவையைக் கீழே வைத்தார்.

அக்காவுக்குத் தம்பிமேல் மலையளவு பெருமை உண்டு. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்கிறவள் அல்ல. "உன் தப்புதான்டா" என்றாள். பிறகு ஹீட்டரைக் கையில் எடுத்து, அதன் தலையில் கடைசிவரை முறுக்கியிருந்த திருகைப் பார்த்து, "இதுல பாதி உன் மச்சான் தப்பு" என்றும் சேர்த்துக்கொண்டாள். கணக்கில் அவள் கறார்.

சாயங்காலம் மகள் வந்து சேர்ந்தபோது அலாரமும் வந்திருந்தார். மீன்கள் பிழைத்துவிட்டன. சுத்தி பிழைக்குமா என்று சொல்லமுடியவில்லை. மூளையின் ஒரு பக்கம் வெளுத்துப்போயிருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. வெள்ளை அவருக்கும் வெள்ளைதான்.

"மெஷின் மேல தப்பில்ல அத்தான்" என்றார் அலாரம், மெல்லிய குரலில்.

"இல்லவே இல்ல. தப்பு என்னோடது. பாதி உன்னோடதாம், அக்கா பங்கு பிரிச்சுட்டாங்க."

"அப்ப இருக்கட்டும். சென்சாரை ஸ்க்ரூ போட்டு இறுக்கிடறேன். லைட்டுக்குப் பதிலா சத்தம் வர மாதிரி..."

"கழட்டு."

"அத்தான்..."

"கழட்டுடா. இந்தத் தொட்டியில நானும் தப்பு பண்ணியிருக்கேன். உப்பு கூடியிருக்கு, மருந்து குறைஞ்சிருக்கு. ஆனா ஒருநாளும் கையை வச்சுப் பாக்காம இருந்ததில்ல. இந்தப் பெட்டி வந்த நாள்ல இருந்து நான் சூடு பாக்கல. ஏன் பாக்கல? மேஸ்திரி இருக்காருன்னு. என் தப்பை நானே பண்ணிக்கறேன், அதுக்கு எனக்கு ஆள் வேணாம்."

மகள் பையைக்கூட இறக்கிவைக்காமல் நின்றிருந்தாள். "அப்ப நான் போகல" என்றாள்.

"என்னது?"

"போகல. எழுதிடறேன். என் போனுக்கும்தான் மெசேஜ் வந்திருக்கு, நான் தூங்கிட்டேன். நான் போய்ட்டா உங்க கண்ணு யாருப்பா?"

அந்தச் சொல் அவரைச் சுட்டது. புள்ளி அட்டையை நீட்டிய மருத்துவர்கூட இவ்வளவு சுடவில்லை.

"எனக்குக் கண்ணு இருக்கு. ரெண்டு. நல்லாவே இருக்கு. நீ என் மக. என் கண்ணு இல்ல. இந்தத் தொட்டியைச் சாக்கு வச்சு நீ வீட்ல உக்காந்தே, நாளைக்கே சுத்தியலை எடுத்து உடைச்சுடுவேன். நான் ஒட்டினதுதானே, எனக்கு உடைக்கவும் தெரியும்."

"உடைங்க பாப்போம்!"

"உடைக்கமாட்டேன்னு நினைக்கறியா?"

"கூடமெல்லாம் தண்ணியாகும்" என்றாள் மனைவி. "துடைக்கறது நான். ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

அன்றைக்குப் பேச்சு அத்தோடு நின்றது. முடிவு மட்டும் நிற்கவில்லை. மகள் பதில் எழுத வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் வீறாப்பாகப் பேசிவிட்டாரே தவிர, குப்பித் தண்ணீர் எப்போது மாறுகிறது என்று அவருக்கு இன்னும் தெரியாதுதான். தவிர, மேஸ்திரியே இருந்தாலும் அந்தச் சோதனையைச் செய்திருக்கப்போவதில்லை. அலாரமே விசாரித்துப் பார்த்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தார். இந்தப் பெட்டி சூட்டையும் உப்பையும்தான் பார்க்குமாம். காரச்சத்தைப் பார்க்க வேறொரு பெட்டி வேண்டுமாம். ஆக, எந்தக் கவலைக்காக மேஸ்திரியை அழைத்துவந்தார்களோ, அந்தக் கவலை மேஸ்திரி வருமுன்னும் இருந்தது, வந்த பின்னாலும் இருந்தது.

கடையில் அந்த வாரம் ஓர் அலங்காரக் கதவுக்கு வண்ணக் கண்ணாடி வெட்டும் வேலை. இவருக்காக ஒவ்வொரு பலகையிலும் நிறத்தின் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். வெட்டிய துண்டு ஒன்றில் கீறல் இருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு சாக்கு. அதில் இரண்டு வரி அச்சிட்டிருந்தது. தினமும் பார்க்கிற சாக்கு, இரண்டு வரியும் எப்போதும் ஒரே சேற்று நிறம். இப்போது கண்ணாடி வழியாக ஒரு வரி கரேலென்று நின்றது, இன்னொரு வரி வெளிறிக் கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. கண்ணாடியை விலக்கினார். இரண்டும் ஒன்றாயிற்று. திரும்ப வைத்தார். பிரிந்துகொண்டன. இத்தனை வருஷமாக ஒன்றுபோல நடித்து அவரை ஏமாற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார்கள்.

துண்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். சிவப்பு.

பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டார். "அந்தச் சாக்குல எந்த வரி பச்சை?"

"மேல இருக்கறது. ஏண்ணே, திடீர்னு பாடம் படிக்கறீங்க?"

"மேல இருக்கறதுதான் எனக்குக் கறுப்பாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடித் துண்டின் விளிம்பைக் கை கிழிக்காமல் உரசி வழவழப்பாக்கத் தொடங்கினார். பாலிஷ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்கிற பொறுமை இவருக்கும் இல்லை.

வீட்டில் மகள் நம்பவில்லை. "சும்மா சொல்றீங்க. என்னை அனுப்பறதுக்காகச் சொல்றீங்க."

"பரீட்சை வையேன்."

பரீட்சை நடந்தது. நடத்தியவள் அக்கா. மருமகளின் முகத்தைப் பார்த்துத் தம்பி விடை கண்டுபிடித்துவிடுவான் என்று அவளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தாள். மகள் சமையலறையில் முன்கூட்டியே குப்பிகளைத் தயார்செய்து, சிலவற்றில் நிறம் மாறும்வரை சொட்டு விட்டு, சிலவற்றை மாறாமல் விட்டு, கலைத்து அடுக்கியிருந்தாள். கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சிவப்புத் துண்டை ஒரு கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது மாறலை. கறுப்பா இருக்கு. இது மாறிடுச்சு. இதுவும். இது மாறலை."

அக்கா உதட்டை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை அவர் மாறவில்லை என்றார். மகள் சுவரிலிருந்து திரும்பி, "மாறிடுச்சுப்பா, நல்லாப் பாருங்க" என்றாள்.

"முழுசா மாறலை. இன்னும் ஒரு சொட்டு பாக்கி."

"இல்லப்பா!"

அக்கா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது என்னடா, கத்திரிப்பூ மாதிரி நடுவாந்தரமா நிக்குது" என்றாள். "அவ சொல்றதுக்கும் இவன் சொல்றதுக்கும் நடுவுல இருக்கு. ரெண்டு பேரும் பாஸ்."

"ஒரு சொட்டு வித்தியாசம் வருதே அத்தை" என்றாள் மகள், விடாமல்.

"வரட்டும்" என்றார் கண்ணாடிக்காரர். "அந்த ஒரு சொட்டோட நான் வாழ்ந்துக்கறேன். பவளமும் வாழ்ந்துக்கும். அதுங்களுக்குக் கடல்லயே தினமும் ஒரே மாதிரி கிடைக்குதா என்ன?"

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சோற்றுக்கரண்டியைப் பறிகொடுத்த குழந்தைபோல அவள் முகம் சற்று நேரம் தொங்கிக் கிடந்தது. எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் அவளால் மட்டுமே ஆகிற வேலை ஒன்று இருந்தது. இனி இல்லை. அதை அப்பாவே தன் கையால் பறித்துவிட்டார். கண்ணாடிக்காரர் அதைக் கவனிக்காமல் இல்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவள் தங்கிவிடுவாள் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு குப்பிகளைக் கழுவப் போனார்.

ஹீட்டர் விஷயத்தில் அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒரே பெரிய ஹீட்டர் இருந்தால், அது அணையாமல் மாட்டிக்கொள்ளும் நாளில் மொத்தமும் வெந்துவிடும். அதனால் பெரியதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிறியதாக இரண்டு வாங்கி, இரண்டுக்கும் அதனதன் திருகை அதனதன் இடத்தில் வைத்தார். ஒன்று கெட்டுப்போய் எரிந்துகொண்டே இருந்தாலும் தனியாக அத்தனை தண்ணீரையும் கொதிக்கவைக்க அதற்குத் தெம்பு கிடையாது. விளக்குகளுக்குச் சாதாரண டைமர் போதும் என்றார். அலாரம் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"ஒரே ஒரு சூடு அலாரம் மட்டும் வச்சிட்டுப் போறேனே அத்தான். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா என் கையில ஆகட்டும்."

"இவ்வளவு வீறாப்பு ஆகாது."

"மச்சான், கேளு. வீட்டைப் பூட்டிட்டு மாசக்கணக்குல ஊர் சுத்தறவனா இருந்தா நானே உன்கிட்ட வந்து கேப்பேன். இல்ல, கடை நிறையத் தொட்டி வச்சு வியாபாரம் பண்றவனா இருந்தாலும் கேப்பேன். எனக்கு இருக்கறது ஒரு தொட்டி. அது முன்னாடிதான் காப்பி குடிக்கறேன், அது முன்னாடிதான் தூங்கி விழறேன். என்னைவிட அதிக நேரம் எந்தப் பெட்டி அதைப் பாக்கப் போவுது?"

அலாரம் மேஸ்திரியைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார். பிறகு அதை ஒரு மீன் கடைக்காரர் வாங்கிக்கொண்டு, நன்றாக வேலை செய்கிறது என்று மெச்சியதாகக் கேள்வி. கண்ணாடிக்காரருக்கு அதில் வருத்தமில்லை. மேஸ்திரி கெட்டவர் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மகள் வேலைக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனார்கள். மனைவிதான் அழுதாள். அக்கா, மருமகள் பையின் ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் குப்பியோடு உட்கார்ந்தார். சொட்டு விடுவதும் அவரே, குலுக்குவதும் அவரே, பார்ப்பதும் அவரே. இரண்டு கை போதவில்லை. சிவப்புத் துண்டை மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பார்த்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாதியில் போன் அடித்தது.

"அப்பா, டெஸ்ட் பண்ணிட்டீங்களா?"

"உன் ரூம் ஜன்னல் எப்படி இருக்கு?"

"ஜன்னலா? நல்லாத்தான் இருக்கு. காத்தடிச்சா கொஞ்சம் ஆடுது. என்ன நம்பர் வந்துச்சுப்பா?"

"ஆடுதுன்னா ஓரத்துல ரப்பர் போயிருக்கும். வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லு. நீயே அழுத்திப் பாக்காதே, கையைக் கிழிச்சுடும்."

"அப்பா. ஒரே ஒரு நம்பர். சொல்லிட்டா வச்சிடறேன்."

"சரியா இருந்தா சொல்லமாட்டேன். தப்பா இருந்தாலும் சொல்லமாட்டேன். தொட்டி என்னோடது. நீ உன் ஆபீசைப் பாரு."

மறுமுனையிலிருந்து, "ரொம்பத்தான்" என்று குரல் வந்தது. கோபமா, சிரிப்பா என்று தெரியாத குரல். அவரும் விளக்கம் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டுக் குப்பியை மறுபடி தூக்கினார். பேச்சு வாக்கில் எத்தனை சொட்டு விட்டோம் என்பது மறந்துபோயிருந்தது. அதைக் கொட்டிவிட்டு, புதிதாகத் தண்ணீர் எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.